தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளை போனில் பதிய எது சரி? நோட்டு, எஸ்எம்எஸ், படிவ ஆப், தனித் தளம்: ஒரு ஒப்பீடு

இந்தக் கேள்வி பல வடிவங்களில் வருகிறது. "அறுபது கிணறு, ஐந்து பேர், மாதம் ஒருமுறை சோதிக்கிறோம், கூகுள் ஃபார்ம்ஸ் போதுமா?" என்று ஒருவர். "எஸ்எம்எஸ்ஸில் அனுப்பச் சொன்னால் வேலை முடிந்துவிடாதா?" என்று இன்னொருவர். "நிறம் மாறும் சோதனை ஸ்ட்ரிப்பைப் படம் பிடித்தால் நிறத்தை ஆப்பே படித்துவிடும் என்கிறார்களே, உண்மையா?" என்று மூன்றாமவர். கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே இரண்டு மூன்று ஆப்களை இறக்கிப் பார்த்துக் குழம்பியவர்கள். அதனால் எந்த ஆப் அழகாக இருக்கிறது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீர்த் தரவு எப்படி நடந்துகொள்ளும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். வீட்டுக் கணக்கெடுப்பு மாதிரி கேள்வி கேட்டு, பதில் எழுதி, அனுப்பி, முடிந்தது என்று போகிற தரவு இல்லை இது.

## எதை வைத்து எடை போடுவது

ஒரு தண்ணீர் மாதிரிக்கு இரண்டு நாள். பலரும் தவறவிடுவது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குளோரின், பிஎச், வெப்பநிலை, இதையெல்லாம் கிணற்றடியிலேயே, குழாயடியிலேயே பார்த்துவிட வேண்டும். பாட்டிலில் பிடித்து எடுத்துப்போனால் வழியிலேயே குளோரின் குறைந்துவிடும். ஆனால் ஈ.கோலி போன்ற கிருமிப் பரிசோதனைக்கு மாதிரியைக் குளிர்ச்சியாக எடுத்துப்போய், முடிந்தால் 6 மணி நேரத்துக்குள், போனால் போகிறது என்றால் 24 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்கி, அப்புறம் ஒரு நாள் போல அடைகாக்க வைத்துத்தான் முடிவைப் பார்க்க முடியும். கறுப்பாக மாறுகிறதா என்று பார்க்கும் எச்2எஸ் குப்பி என்றால் சில சமயம் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆக மாதிரி எடுத்தவர் ஒருவர், முடிவைப் படிப்பவர் வேறொருவர். இடமும் வேறு, நாளும் வேறு, பல நேரம் போனும் வேறு. பெரும்பாலான படிவங்களோ 'அனுப்பு' பொத்தானை அழுத்தியதும் வேலை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கின்றன.

இதில் நானே நன்றாக அடிபட்டிருக்கிறேன். முதல்முறை படிவம் செய்தபோது, யாரும் எதையும் விட்டுவிடக் கூடாது என்ற ஆர்வத்தில் எல்லாக் கேள்விகளையும் கட்டாயமாக்கி வைத்தேன், கிருமிப் பரிசோதனை முடிவு உட்பட. கிணற்றடியில் நிற்பவரிடம் அந்த முடிவு எப்படி இருக்கும்? படிவம் நகர மறுத்தது, அவர்கள் 0 என்று போட்டுவிட்டு நகர்ந்தார்கள். சில மாதம் கழித்து வரைபடத்தைத் திறந்தால் ஊரெல்லாம் பச்சை. ஈ.கோலியில் 0 என்றால் "100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இல்லை, இந்தக் கிருமியைப் பொறுத்தவரை குடிக்கலாம்" என்று அர்த்தம். எங்கள் 0-க்கோ "இன்னும் பார்க்கவில்லை" என்று அர்த்தம். எது எந்த 0 என்று பிரித்தெடுக்கக் கடைசியில் லேப்பின் கைநோட்டைத்தான் தேடிப் போனோம்.

ஒரே கிணற்றுக்கு ஒரே பெயர். "பள்ளிக்கூட பம்ப்", "ஸ்கூல் பம்ப்", "பள்ளி போர்" மூன்றும் ஒன்றுதான் என்று மனிதருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். திறந்த வானத்தின் கீழ் போன் ஜிபிஎஸ் ஐந்து பத்து மீட்டர் துல்லியம் தரும். மரத்தடியிலும் கட்டடத்தின் ஓரத்திலும் அது இன்னும் தள்ளிப்போகும். அடுத்தடுத்து இரண்டு பம்ப் இருந்தால் எது எது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நீர்மூலத்துக்கும் ஓர் எண், அந்த எண் பம்பின் மேலேயே ஒரு தகட்டிலோ பெயின்டிலோ. எந்த ஆப்பை எடுத்தாலும் இந்த வேலையிலிருந்து தப்பிக்க முடியாது.

தப்பான எண் உள்ளே வருமா? பிஎச் 7.2 என்பதை 72 என்று தட்டிவிடுவது எளிய பிழை, 14-க்கு மேல் போனால் தடு என்று சொல்லிவிடலாம். மோசமானவை வேறு. மின்கடத்துதிறனை ஒரு மீட்டர் மைக்ரோசீமென்ஸில் காட்டும், இன்னொன்று மில்லிசீமென்ஸில் காட்டும். கவனிக்காவிட்டால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். நைட்ரேட்டும் அப்படித்தான்: உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு 50 மில்லிகிராம், நைட்ரஜனாகக் கணக்கிட்டால் சுமார் 11 மட்டுமே. உங்கள் சோதனைக் கிட் எதைக் காட்டுகிறது என்று பெட்டியின் மேல் எழுதியிருக்கும், படிவத்தில் அதையும் எழுதுங்கள். அப்புறம் "கண்டறியும் அளவுக்குக் கீழே", "எண்ண முடியாத அளவுக்கு அதிகம்" என்ற இரண்டு விடைகளுக்கும் படிவத்தில் தனி இடம் வேண்டும், எண் பெட்டி மட்டும் வைத்தால் அங்கே ஏதோ ஓர் எண் வந்து உட்காரும். இன்னொன்று, அசாதாரணமான எண்ணைத் தடுக்காதீர்கள், "நிச்சயமா?" என்று கேட்டால் போதும். ஃபுளோரைடு 1.5-ஐத் தாண்டக்கூடாது என்பதற்காகப் படிவமே 1.5-க்கு மேல் ஏற்க மறுத்தால், எந்தக் கிணற்றைக் கண்டுபிடிக்கக் கிளம்பினீர்களோ அது மட்டும் பதிவாகாது.

கெட்ட முடிவு யாரைப் போய்ச் சேரும்? குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போய்விட்டது என்று காலையில் தெரிந்தால் மதியத்துக்குள் யாராவது வால்வைத் திறக்க வேண்டும், குளோரின் போட வேண்டும். அந்த ஆள் யார், அவர் எந்தப் போன் வைத்திருக்கிறார், அவர் ஆப் திறப்பாரா? கண்ணைப் பறிக்கும் டாஷ்போர்டு செய்து வைத்திருப்பார்கள், பம்ப் இயக்குபவர் அதை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்.

மூன்று வருடம் கழித்து யார் பார்த்துக்கொள்வது? படிவத்தைச் செய்தவர் வேலையை விட்டுப் போன பிறகு பாஸ்வேர்டு யாரிடம், தரவை எக்செல்லாக வெளியே எடுக்க முடியுமா. சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்யுமா என்பதையும் பட்டியலில் சேருங்கள், அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

## காகித நோட்டு, மாலையில் எக்செல்

சிரிக்காதீர்கள். ஈரக் கையால் டச் ஸ்கிரீன் ஒழுங்காக வேலை செய்யாது, வெயிலில் திரை தெரியாது, பென்சில் ஈரத் தாளிலும் எழுதும். இருபதுக்கும் குறைவான நீர்மூலம், சோதிப்பவர் ஒரே ஆள், அவரே அன்று மாலை எக்செல்லில் ஏற்றுகிறார் என்றால் இதை மாற்ற எனக்குக் காரணம் தெரியவில்லை. இரண்டாம் நாள் முடிவுக்கும் நோட்டில் பக்கத்திலேயே ஒரு காலிக் கட்டம் இருக்கும், எந்த ஆப்பும் அதை இவ்வளவு எளிதாகச் செய்வதில்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டாவது முறை தட்டச்சு செய்வதில் இருக்கிறது. "அன்று மாலை" மெல்ல "வாரக் கடைசி" ஆகும், அப்புறம் "மாதக் கடைசி". எக்செல்லும் தன் பங்குக்கு விளையாடும்: 3-5 என்று மாதிரி எண் போட்டால் தேதியாக்கிவிடும், 007-ஐ வெறும் 7 ஆக்கிவிடும். அந்த நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வையுங்கள். ஆள் எண்ணிக்கை இரண்டைத் தாண்டினால், கெட்ட முடிவு அன்றே தெரிய வேண்டுமென்றால் இது தாங்காது. ஆனால் வேறு எதற்கு மாறினாலும் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், முதல் ஆறு மாதமாவது.

## எஸ்எம்எஸ்

எந்தப் போனிலும் போகும், பட்டன் போனிலும் போகும், ஒரே ஒரு கோடு சிக்னலிலும் எப்படியாவது நுழைந்துவிடும். பம்ப் இயக்குபவர் தினமும் ஒரே ஓர் எண், குளோரின் அளவு, அனுப்பினால் போதும் என்கிற வேலைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்பது என் கருத்து. அதுவும் திரும்ப ஒரு பதில் போக வேண்டும்: "கிணறு 12, குளோரின் 0.3, பெற்றோம்" என்று ஒரு நிமிடத்தில் பதில் வந்தால், 0.3-க்குப் பதில் 3 என்று தட்டியவர் தானே திருத்தி அனுப்பிவிடுவார். எச்சரிக்கை அனுப்பவும் இதுதான் வழி, ஏனென்றால் எஸ்எம்எஸ்ஸை யாரும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து கிடைக்கும். தமிழ் எழுத்து ஒன்று சேர்ந்தாலே அது 70 ஆகச் சுருங்கிவிடும், அதிலும் மெய்ப்புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். அதனால் 12#0.3#7.1 (கிணறு எண், குளோரின், பிஎச்) என்று வெறும் எண்களாக அனுப்பச் சொல்வார்கள். மூன்று எண் வரை சரி. ஐந்து ஆறு எண் ஆனால் எது எந்த இடத்தில் என்று மறந்துபோகும், நடுவில் ஒன்று விட்டுப்போனால் அதற்கு அடுத்தது எல்லாம் ஒரு படி இடம் மாறிவிடும், குளோரின் இருக்க வேண்டிய இடத்தில் பிஎச் வந்து நிற்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். படம் கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது.

மறைமுகச் செலவு: செய்திகளை வாங்கிச் சேமிக்கும் கேட்வே, ஒவ்வொரு செய்திக்குமான கட்டணம் (யார் பாக்கெட்டிலிருந்து? ஊழியர் பாக்கெட்டிலிருந்து என்றால் மூன்றாவது மாதம் செய்தி நின்றுவிடும்), தப்பான வடிவத்தில் வரும் செய்திகளைத் தினமும் உட்கார்ந்து பார்த்துத் திருத்த ஓர் ஆள். சிம் மாற்றினால் "இந்த எண் யாருடையது?" என்ற தேடல் வேறு.

## வாட்ஸ்அப் குழுவும் கூகுள் ஃபார்ம்ஸும்

இரண்டையும் ஒன்றாகவே பார்த்துவிடலாம். வாட்ஸ்அப் குழு பேசுவதற்கு நல்லது, "இந்தக் குப்பி கறுப்பா, சாம்பலா, பாருங்கள்" என்று கேட்டால் உடனே பதில் வரும். தரவுப் பெட்டியாக அது உதவாது: படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்குவதோடு, எங்கே எப்போது எடுத்தது என்ற தகவலும் உதிர்ந்துவிடும், மிச்சத்தைத் தேடியெடுக்க ஒருவர் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

கூகுள் ஃபார்ம்ஸ் அரை மணி நேரத்தில் தயார். ஆனால் இணைப்பு இல்லாமல் நிரப்ப முடியாது, ஜிபிஎஸ் கேள்வி அதிலேயே கிடையாது, படம் ஏற்ற வேண்டுமென்றால் கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டும். லேப்பில், இணையம் இருக்கும் மேசையில் உட்கார்ந்து முடிவை ஏற்ற இது போதும். களத்துக்கு வேண்டாம்.

## ஆஃப்லைன் படிவ ஆப்: ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ்

ஓடிகே 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திறமூலத் திட்டம். கோபோ டூல்பாக்ஸ் அதே அடித்தளத்தின் மேல் வளர்ந்தது. இரண்டிலுமே படிவத்தை எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் என்ற வடிவத்தில், அதாவது ஒரு எக்செல் கோப்பாகவே எழுதலாம், ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகப் பெரும்பாலும் அதே கோப்பை எடுத்துப் போகலாம். இதை நான் பெரிய பலமாக நினைக்கிறேன். சிக்னல் இல்லாத இடத்தில் நிரப்பி, சிக்னல் வந்ததும் அனுப்பலாம். கேள்விகள் தமிழிலும் இருக்கும், வேறு மொழியிலும் இருக்கும், நிரப்புபவர் மாற்றிக்கொள்ளலாம். எண் எல்லை, "நிச்சயமா?" எச்சரிக்கை, ஒரு விடையைப் பொறுத்து அடுத்த கேள்வி, ஜிபிஎஸ், படம், பார்கோடு எல்லாம் உண்டு.

அந்த இரண்டு நாள் விவகாரத்துக்கு இதில் வழி இருக்கிறது, ஆனால் தானாக வராது, நீங்கள்தான் அமைக்க வேண்டும். எளிய முறை இரண்டு படிவம்: களப் படிவம், லேப் படிவம். பாட்டிலில் ஒட்டிய பார்கோடை இரண்டிலும் ஸ்கேன் செய்தால் பிறகு எக்செல்லில் சேர்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் முன்னேறினால், ஓடிகேயில் 'என்டிட்டி' என்ற வசதி இருக்கிறது, முதல் படிவம் மாதிரியைப் பதியும், இரண்டாவது படிவத்தில் அந்த மாதிரியின் எண் பட்டியலில் வந்து நிற்கும். கோபோவிலும் ஒரு படிவத்தின் தரவை இன்னொரு படிவத்துக்குள் இழுக்கலாம். ஒரு சிக்கல் மட்டும் சொல்லிவிடுகிறேன்: களத்தில் இருப்பவர் போன் இன்னும் அனுப்பவில்லை என்றால் லேப் போனில் அந்த மாதிரியின் எண் தெரியாது. பாட்டில் வந்துவிட்டது, பதிவு வரவில்லை. அதனால் எண்ணைக் கையால் தட்டவும் ஒரு வழி விட்டு வையுங்கள்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? படிவத்தைக் கவனிக்க எப்போதும் ஒருவர் வேண்டும், அவருக்கு எக்செல் சூத்திரம் எழுதுவதில் பயம் இருக்கக் கூடாது. வருடத்தின் நடுவில் ஒரு கேள்வியை மாற்றினால் பாதிப் பேர் பழைய படிவத்திலேயே நிரப்புவார்கள். அனுப்பாத பதிவுகள் போனிலேயே தங்கும், போன் தொலைந்தால் அதோடு போயிற்று. வாரம் ஒருமுறை எல்லாருடைய போனையும் திறந்து "அனுப்ப வேண்டியவை" பகுதி காலியா என்று பார்க்கும் வழக்கம் வேண்டும். போன் கடிகாரம் தப்பாக இருந்தால் தேதியும் தப்பு. மாதிரி எடுத்ததிலிருந்து 24 மணி நேரம் ஆனதா என்று கணக்குப் பார்க்கும்போது இது கடிக்கும்.

## நீருக்கென்றே செய்த தளம்: எம்வாட்டர்

மேலே சொன்ன படிவ ஆப்கள் எந்தக் கணக்கெடுப்புக்கும் பொதுவானவை. எம்வாட்டர் போன்றவை கிணறு, பம்ப், குழாய் என்பதை மையமாக வைத்துச் செய்தவை. ஒவ்வொரு நீர்மூலத்துக்கும் ஒரு தனி எண் கிடைக்கும், அதன் கீழே வருடக்கணக்காக முடிவுகள் சேரும். வரைபடம் உடனே கிடைக்கும், ஆஃப்லைனிலும் பதியலாம். "இந்தக் கிணற்றில் போன மழைக்காலத்திலும் இப்படித்தானே இருந்தது?" என்ற கேள்விக்கு இரண்டு தட்டலில் பதில் வரும், படிவ ஆப்பில் அதற்கு எக்செல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஒரே பகுதியில் மூன்று நான்கு அமைப்புகள் வேலை செய்கின்றன, அதே கிணறுகளைத் தனித்தனியாகச் சோதிக்கின்றன என்றால் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் உங்கள் வேலையை அவர்களுடைய அமைப்புக்குள் பொருத்த வேண்டும். பத்துக் கிணறுக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. தரவை வெளியே எடுக்கலாம், ஆனால் அட்டவணைகளுக்கு இடையேயான தொடர்புகளை மறுபடி கட்டுவது சும்மா நடக்காது. இன்னொரு விஷயம், தொழில்நுட்பத்தோடு சம்பந்தமே இல்லாதது: வரைபடத்தில் ஒரு வீட்டுக் கிணற்றின் மேல் சிவப்புப் புள்ளி விழுகிறது, அது யார் கண்ணுக்குத் தெரியும்? நீர்மூலப் பட்டியலையும் முடிவுகளையும் யார் பார்க்கலாம் என்ற அமைப்பை முதல் நாளே பாருங்கள், கிணற்றுக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியிடுங்கள். சொல்லாமல் வெளியிட்டால் அடுத்த முறை உங்களைக் கிணற்றடிக்கு விடமாட்டார்கள்.

## கேமராவும் புளூடூத் மீட்டரும்

இவற்றை மேலே உள்ளவற்றுக்குப் போட்டியாக வைக்காதீர்கள், அவற்றின் மேல் ஒட்டும் துணை என்று வையுங்கள். நிறத்தைப் போன் படிக்கிறது என்பது பொய் இல்லை, ஆக்வோ என்ற அமைப்பின் காடிஸ்ஃபிளை ஆப் போன்ற முயற்சிகள் அதைச் செய்திருக்கின்றன. ஆனால் போன் கேமரா தானாகவே வெள்ளைச் சமநிலையை, அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்வதை, மாற்றிக்கொண்டே இருக்கும். நிழலில் எடுத்த இளஞ்சிவப்பும் வெயிலில் எடுத்த இளஞ்சிவப்பும் ஒன்றாக இருக்காது, இரண்டு கம்பெனி போன் என்றால் கேட்கவே வேண்டாம். அதே சட்டகத்துக்குள் வண்ண அட்டையும் இருந்து, ஆப் அதை வைத்துத் திருத்தினால்தான் நம்பலாம். ஸ்ட்ரிப்பை எத்தனை நொடியில் படிக்க வேண்டும் என்ற நேரத்தை ஆப் எண்ணிச் சொன்னால் அதுவே பாதி உதவி. நான் சொல்வது: எண்ணை மனிதர் படிக்கட்டும், படத்தைச் சாட்சியாக இணைக்கட்டும். புளூடூத் மீட்டர் தட்டச்சுப் பிழையைப் போக்கும், ஆனால் அளவுதிருத்தம் செய்யாத மீட்டர் தப்பான எண்ணை இன்னும் வேகமாக அனுப்பும், அவ்வளவுதான்.

## ஒரே பார்வையில்

| | நோட்டு + எக்செல் | எஸ்எம்எஸ் | ஓடிகே / கோபோ | எம்வாட்டர் |
|---|---|---|---|---|
| இரண்டாம் நாள் முடிவு | எளிது | கடினம் | அமைத்தால் முடியும் | முடியும் |
| நீர்மூல வரலாறு | நோட்டைப் புரட்ட வேண்டும் | இல்லை | எக்செல்லில் சேர்க்க வேண்டும் | உள்ளேயே இருக்கிறது |
| பிழை தடுப்பு | இல்லை | பதில் செய்தி இருந்தால் ஓரளவு | நன்று | நன்று |
| சிக்னல் இல்லாமல் | ஆகும் | ஆகாது | ஆகும் | ஆகும் |
| எந்தப் போன் | தேவையில்லை | எதுவும் | ஸ்மார்ட்போன் | ஸ்மார்ட்போன் |
| ஒளிந்திருக்கும் செலவு | மறு தட்டச்சு | கேட்வே, திருத்தும் ஆள் | படிவத்தைக் கவனிக்கும் ஆள் | பழகும் காலம், வெளியேறும் சிரமம் |

## சரி, உங்களுக்கு எது

தினமும் குளோரின் மட்டும், பம்ப் இயக்குபவர்கள் பலர், பட்டன் போன்: எஸ்எம்எஸ். ஐந்திலிருந்து இருபது பேர், பல அளவுகள், கிருமிப் பரிசோதனையும் உண்டு, எக்செல் தெரிந்த ஒருவர் குழுவில் இருக்கிறார்: ஓடிகே அல்லது கோபோ, கெட்ட முடிவுக்கு மட்டும் ஓர் எஸ்எம்எஸ் அல்லது ஒரு போன் அழைப்பு. இரண்டில் எது என்று கேட்டால், சர்வரைப் பற்றிக் கவலைப்பட விரும்பாதவர்கள் கோபோவில் தொடங்குவது எளிது. பல வருடக் கண்காணிப்பு, பல அமைப்புகள், நீர்மூலம் நூற்றுக்கணக்கில்: எம்வாட்டர். எக்செல் தெரிந்த அந்த ஒருவர் இல்லவே இல்லை, இரண்டு பேர்தான் குழுவே: நோட்டிலேயே இருங்கள், நோட்டின் பக்கங்களைத் தினமும் போனில் படமெடுத்து ஓர் இடத்தில் சேமித்து வையுங்கள்.

அறுபது கிணறு, ஐந்து பேர் என்று கேட்டவருக்கு: கோபோ. ஆனால் முதல் மாதம் பத்துக் கிணறுக்கு மட்டும். மாதிரி எடுப்பதிலிருந்து, லேப் முடிவு ஏறி, ஒரு கெட்ட முடிவு பம்ப் பொறுப்பாளரின் காதுக்குப் போய் அவர் ஏதாவது செய்தது வரைக்கும் முழுச் சுற்றையும் ஓட்டிப் பாருங்கள். கெட்ட முடிவு ஒன்றும் வராவிட்டால் ஒன்றைப் பொய்யாக நுழைத்தாவது பாருங்கள், பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அப்புறம் மறக்காமல் அழித்துவிட்டு. அந்தச் சுற்று எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கேதான் வேலை இருக்கிறது, அது பெரும்பாலும் ஆப்புக்கு வெளியே இருக்கும்.

பழைய நோட்டுகளில் இருக்கும் வருடக்கணக்கான முடிவுகளை எல்லாம் ஏற்ற வேண்டுமா என்றும் கேட்டிருந்தார்கள். நீர்மூலப் பட்டியலையும் கடைசி ஒரு வருட முடிவுகளையும் ஏற்றுங்கள், அதுவும் எந்தக் கிட், எந்த அலகு என்று நிச்சயமாகத் தெரிந்தவற்றை மட்டும். மற்றதை ஸ்கேன் செய்து வையுங்கள், கேள்வி வரும்போது திறந்து பார்த்துக்கொள்ளலாம்.